மைனாவில் ஒரு வரி

என்னை முதலில் ஏமாற்றியவர் தில்லைநாயகம். அவருக்குப் பின்னால் வேறு சிலரும் ஏமாற்றினார்கள். ஆனால் முதல் இடம் அவருக்குத்தான். அதை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கமாட்டேன்.

நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். கோவில்பட்டியில் பத்திரிகைகளுக்கு வரி விளம்பரம் வாங்கி அனுப்புவது என் தொழில். வீடு வாடகைக்கு, மணமகள் தேவை, பசு காணவில்லை. வருகிறவர் அரை மணி நேரம் சொல்லி அழுவார். நான் மூன்று வரியில் முடிப்பேன். ‘காணவில்லை: வெள்ளைப் பசு, இடது கொம்பு முறிந்தது.’ இதற்கு மேல் அந்தப் பசுவைப் பற்றி ஊருக்கு என்ன தெரிய வேண்டும்? சொல்லைக் குறைப்பதில் எனக்குக் கை பழகியிருந்தது.

தில்லைநாயகம் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் தெரிந்தவர். ஒருநாள் என்னை வீட்டு மாடிக்கு அழைத்துப் போனார். மைனா என்று ஒரு எடிட்டர் இருக்கிறது என்றார். கம்ப்யூட்டரில் எழுதுவதற்கானது. இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து செய்கிறார்கள். அதில் தமிழ் இல்லை, நாம் போடுவோம் என்றார்.

அவர் இங்கிலீஷில் உள்ளதை வாசித்து விளக்குவார். நான் தமிழ் சொல்வேன். அவர் டைப் அடிப்பார். ஒரு கோடை முழுக்க இப்படிப் போனது.

ஒரு இடத்தில் அவர், ‘சேமிக்கப்படாத மாற்றங்களைக் கைவிட்டு வெளியேற விரும்புகிறீர்களா’ என்று வைத்திருந்தார். அது பெட்டிக்குள் அடங்கவில்லை. பாதி வார்த்தை வெட்டுப்பட்டு நின்றது. நான், “சேமிக்கவில்லை. மூடவா?” என்றேன். அடங்கியது. அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

மைனாவின் புதுப் பதிப்பு வந்தது. அதில் ‘மைனாவைப் பற்றி’ என்று ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் உழைத்தவர்களின் பெயர்கள் வரும். நான் திறந்தேன். தமிழாக்கம்: தில்லைநாயகம். அதற்குக் கீழே வெறும் வெள்ளை இடம். நிறைய இருந்தது.

போய்க் கேட்டேன்.

“டைப் அடிச்சது நான்தானே” என்றார்.

தப்புத்தான் மாசிலாமணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. டீக்கடையில் நான் நடந்ததைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. டெய்லர் பிச்சைக்கனி கிளாஸை வைத்துவிட்டு, “ஏழாப்பு படிச்சவரு கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தாராம். அந்த மைனா உம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடக் காணோமே வே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீ போடுகிறவர்கூடச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடுதான் நான் உரக்கடை மாடிக்கு ஏறினேன்.

அங்கே ஜெசிந்தா டீச்சர் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா சொல்லிக் கொடுப்பார். என் மகளைவிட வயதில் இளையவர். நான் அவரை டீச்சர் என்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அடுத்தவர் மெஷினில் கை வைக்கமாட்டார்.

“டீச்சர், மைனாவுல ஒரு பேரை மாத்தணும்.”

“இருக்கிற மைனாவுல முடியாது. அது வடிச்ச சோறு.”

“பிறகு?”

“அரிசி வாங்கி நீங்களே வடிக்கணும்.”

யார் பெயர், ஏன் என்று அவர் கேட்கவில்லை. சொல்வதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

மைனா எதிலிருந்து செய்யப்பட்டதோ அந்த மூலம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடக்கிறது. சோர்ஸ் என்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. வேலை முடித்து முத்திரை வைத்தது ஒன்று. தினமும் யாராவது திருத்திக்கொண்டே இருக்கிற, இன்னும் முடியாதது ஒன்று. நான் முடிந்ததைக் கேட்டேன். டீச்சர் முடியாததை எடுக்கச் சொன்னார்.

“ஏன் டீச்சர்?”

“முடியாததுலதான் அண்ணாச்சி கை வைக்க முடியும்.”

என் மகள் ஒதுக்கிப் போட்ட லேப்டாப் என்னிடம் இருந்தது. பாதி பொத்தானில் எழுத்து தேய்ந்திருக்கும். டீச்சர் போர்டில் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். மூலம் முழுவதும் இறங்கியது. ஆயிரம் கோப்புகள். அவற்றுள் தமிழ்க் கோப்பைக் கண்டுபிடித்துத் திறந்தேன். நான் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தன. ‘சேமிக்கவில்லை. மூடவா?’ அதுவும் இருந்தது. கடைசியில் அவர் பெயர். அதை எழுத்து எழுத்தாக அழித்தேன். மெதுவாகத்தான் அழித்தேன். அந்த இடத்தில் மாசிலாமணி என்று அடித்தேன்.

இனி கம்பைல் செய்ய வேண்டும். மூலத்தை ஓடுகிற மைனாவாக மாற்றும் வேலைக்கு அதுதான் பெயர். முதல் கட்டளையைக் கொடுத்தேன். இன்னது இல்லை என்று சொல்லி மெஷின் நின்றுவிட்டது.

“டீச்சர், பொய் சொல்லுது. அது இல்லாமலா பழைய மைனா ஓடுது?”

“சாப்பிடுறவருக்கு வேண்டியது இருக்கு. சமைக்கிறவருக்கு வேண்டியது இல்லை.”

சமைப்பவருக்கு உள்ளதை இறக்கிக் கொடுத்தேன். மெஷின் இன்னொன்றைக் கேட்டது. அதையும் கொடுத்தேன். மறுபடி ஒன்று. கல்யாண வீட்டில் சமையல்காரர் சாமான் சொல்வது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எப்ப டீச்சர் இது கேக்கிறதை நிப்பாட்டும்?”

“எல்லாத்தையும் குடுத்த பிறகு.”

ஒரு நேரத்தில் நின்றது. அடுத்த கட்டளையைக் கொடுத்தேன்.

அந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன். கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த மாதிரி திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. ஒரு வரியை வாசிப்பதற்குள் இருபது வரி மேலே போய்விட்டது. லேப்டாப் மிக்ஸி போல இரைந்தது. அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் நர்ஸ் பாக்கியம் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதியது எல்லாம் என் மடியில் ஒன்றுகூடுகிறது. அதற்குள் என் பெயரும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்தால் பார்க்க முடியாது. பாதி எழுந்தபடியே நின்றேன்.

கரண்ட் போனது.

அந்த லேப்டாப்பில் பேட்டரி செத்து வெகுநாள் ஆகிவிட்டது. திரை கறுப்பாகிவிட்டது. எல்லாம் போயிற்று என்று தலையில் கை வைத்தேன். தில்லைநாயகத்தின் அதிர்ஷ்டம் என்று சத்தமாகவே சொன்னேன். டீச்சர் ஜன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். கரண்ட் வந்ததும், “அதே கட்டளையைக் குடுங்க” என்றார். கொடுத்தேன். அது முதலிலிருந்து தொடங்கவில்லை. விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டு ஓடியது. பாக்கியம் கை தட்டினார்.

முடிந்தது. மெஷினில் நிறுவும் கட்டளையையும் கொடுத்தேன். பிழை ஒன்றும் சொல்லவில்லை. மைனா படத்தை அழுத்தினேன். திறந்தது. ‘மைனாவைப் பற்றி’ என்பதை அழுத்தினேன்.

தமிழாக்கம்: தில்லைநாயகம்.

என் காது சூடாகிவிட்டது. உள்ளே போய் அழித்த பிறகும் எழுந்து வந்து நிற்கிறாரே, இவர் என்ன மனுஷன் என்றேன். பாக்கியம் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதைத் திறந்தீங்க அண்ணாச்சி?”

“மைனாவை.”

“எந்த மைனாவை?”

அப்போதுதான் தெரிந்தது. புதிய மைனா வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பழையது அதன் இடத்திலேயே இருந்தது. படத்தை அழுத்தினால் பழையதுதான் வரும். கைப்பழக்கத்தில் நான் அதையே கூப்பிட்டிருக்கிறேன். புதியது இருக்கும் இடத்தை முழுதாக அடித்துக் கூப்பிட்டேன்.

தமிழாக்கம்: மாசிலாமணி.

இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன். இரண்டு தடவையும் நான்தான் இருந்தேன். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சார்ஜர் வயரைச் சுற்றும் பொறுமையும் இல்லை. வயரைப் பிடுங்கியதும் லேப்டாப் அணைந்துவிட்டது. அப்படியே மூடி எடுத்துக்கொண்டு ஓடி, டீக்கடையில் வானொலிக்குப் போட்டிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சொருகினேன். பாட்டு நின்றதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் வசதியாகப் போயிற்று.

லேப்டாப்பை மறுபடி போட்டு, புதிய மைனாவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். பிச்சைக்கனி கண்ணாடி போட்டுப் பார்த்தான். என் கையைப் பிடித்துப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு அழைத்துப் போனான். அந்தக் கம்ப்யூட்டரிலும் மைனா இருந்தது. அதே ஜன்னலைத் திறக்கச் சொன்னான். தில்லைநாயகம் இருந்தார்.

“அவங்கவங்க வீட்டுக் கண்ணாடியில எல்லாரும் அழகன்தான் வே” என்றான்.

அடுத்த ஞாயிறு டீச்சரிடம் கேட்டேன்.

“இது எல்லார் மெஷினுக்கும் போகணும் டீச்சர்.”

“மைனா செய்றவங்களுக்கு அனுப்புங்க.”

“அனுப்பலாமா? என்னை யாருன்னு கேக்கமாட்டாங்களா?”

“யார்னு கேக்கமாட்டாங்க. என்ன மாறுதுன்னு கேப்பாங்க. அதை ஒரு வரியில எழுதணும்.”

ஒரு வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் உள்ளவர்களின் சாவையும் கல்யாணத்தையும் வரியில் அடக்கியவன் நான். உடனே எழுதினேன்: ‘திருடியவர் பெயரை நீக்கி, உழைத்தவர் பெயர் சேர்ப்பு.’

டீச்சர் வாசித்தார். “அடங்குது. ஆனா மைனாவுல எழுதுறவருக்கு இதனால என்ன மாறுது?”

யோசித்தேன். “அவருக்கு ஒண்ணும் மாறாது.”

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குப் போய்விட்டார். அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லை. நான் வேறு மாதிரி எழுதினேன். நீண்டுவிட்டது. குறைத்தேன். குறைத்தால் கோடைகாலம் முழுவதும் வெளியே நின்றது. கோடையைச் சேர்த்தால் தில்லைநாயகம் சொன்ன பதில் வெளியே நின்றது. கொம்பு முறிந்த பசு அடங்கிய இடத்தில் நான் அடங்கவில்லை. வெயில் தாழும் வரை எழுதினேன், அழித்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டீச்சர் என் பக்கம் வந்து நின்றார். அன்றுதான் முதல் தடவையாக என் மவுசைத் தொட்டார். என் பெயர் இருந்த ஜன்னலை மூடினார். ‘தொகு’ என்ற பட்டியைத் திறந்து காட்டினார்.

என் தமிழ் வார்த்தைகளுக்கு நடுவே அங்கங்கே இங்கிலீஷ் நின்றுகொண்டிருந்தது. புதிதாக வந்த வசதிகள். யாரும் தமிழ் சொல்லவில்லை. என் பெயரைத் தேடிய அவசரத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

“தில்லைநாயகம் போடலையா?”

“அவர் மைனா பக்கம் வர்றதை நிறுத்தி வெகுநாளாச்சு.”

“இப்படியே இருந்தா?”

“அடுத்த முத்திரை வைக்கிறதுக்குள்ள நிரம்பணும். இல்லைன்னா தமிழை விட்டுட்டுப் போயிருவாங்க.”

“நான் சொன்ன வார்த்தை எல்லாம்?”

“எல்லாம்தான்.”

உண்மையைச் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தமிழே போனால் அவர் பெயரும் போகும். ஜெராக்ஸ் கடையில் பிச்சைக்கனி அந்த ஜன்னலைத் திறந்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். போகட்டும். அந்த வாரம் முழுக்க நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒருநாள் மத்தியானம், தில்லைநாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், மைனாவிலேயே. நான் என்னவெல்லாம் நினைத்தேனோ அத்தனையும் எழுதினேன். அனுப்புவதற்கு இல்லை. எழுதிப் பார்ப்பதற்கு. எழுதி முடித்து ஜன்னலை மூடப் போனேன். ஒரு சின்னப் பெட்டி வந்து மறித்தது.

சேமிக்கவில்லை. மூடவா?

நான் சொன்ன வார்த்தை. என் குரலிலேயே என்னைக் கேட்டது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் அவசரத்தில் மூடப் போகும்போது இது அவர்கள் கையைப் பிடித்திருக்கும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. தில்லைநாயகத்தையும் தெரியாது. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றும் அழுத்த முடியவில்லை, இல்லை என்றும் அழுத்த முடியவில்லை. லேப்டாப்பை அப்படியே திறந்தபடி வைத்துவிட்டுப் பாக்கியம் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும்.

பிறகு நடந்தது ஒரு திருவிழா. டியூட்டி முடிந்து பாக்கியம் வருவார். இங்கிலீஷை வாசித்து விளக்குவார். நான் தமிழ் சொல்வேன். டைப் அடிப்பதும் நான்தான். அதை இனி யாரிடமும் விடுவதாக இல்லை. சொன்ன உடனே கம்பைல் செய்து, பெட்டிக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பேன். அடங்காவிட்டால் வார்த்தையைச் சீவுவேன். மறுபடி கம்பைல். எழுத்துகள் ஓடும்போதெல்லாம் முதல் நாள் போலவே பாதி எழுந்து நிற்பேன். விளம்பரம் கொடுக்க வந்த ஒருவர், தன் கடை இடம் மாறியதை மறந்துவிட்டு என்னோடு சேர்ந்து நின்று பார்த்தார்.

நிரம்பியது. அனுப்புவதற்கு ஒரு வரி வேண்டும். ‘விடுபட்ட இடங்களுக்குத் தமிழ்.’ யோசிக்கவே இல்லை. அதுவாக வந்தது. பாக்கியம் அதை மைனா செய்கிறவர்களுக்குப் புரிகிற மொழியில் மாற்றினார்.

பெயர்கள் உள்ள இடத்தில் தில்லைநாயகத்தைத் திரும்ப வைத்து, அவருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன். அவர் பெயரை நீக்கி அனுப்பவில்லை. மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நீக்குவதற்கு வரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கேயோ பனி பெய்யும் ஊரிலிருந்து ஒருவர் அதை ஏற்றுக்கொண்டு நன்றி எழுதினார். புதுப் பதிப்பு வந்த அன்று பிச்சைக்கனியை நான்தான் கையைப் பிடித்து ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துப் போனேன். இரண்டு பெயர்கள் இருந்தன. கண்ணாடி போட்டுப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

“சரி வே. உள்ளதுதான்” என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஆனா ரெண்டாவதுதானே” என்றான்.

தில்லைநாயகத்தை மார்க்கெட்டில் பார்த்தேன். “உங்க பேரும் வந்திருக்கு போல, நல்லது” என்றார், அவரே கொடுத்தது போல. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரும் என்று வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பேரம் பேசப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் லேப்டாப்பில் உள்ள மூலத்தில் அவர் பெயரை மட்டும் நீக்கிக் கம்பைல் செய்தேன். உலகத்தில் இரண்டு பெயர்கள் இருக்கட்டும். என் வீட்டில் ஒன்றுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு தொல்லை. டீச்சரிடம் வருகிற எல்லோரும் புதிய மூலத்தை இறக்குவார்கள். ஒரே கட்டளையில் வந்துவிடும். எனக்கு மட்டும் மெஷின் நின்றுவிடும். இந்தக் கோப்பில் நீங்கள் திருத்தி வைத்திருக்கிறீர்கள், அதை ஒதுக்கி வைத்தால்தான் புதியதைத் தருவேன் என்று சொல்லும். ஒதுக்கி வைப்பேன். புதியது வரும். ஒதுக்கியதைத் திரும்ப வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். உட்கார்ந்து பிரித்துவிட வேண்டும். அதற்குள் மற்றவர்கள் கம்பைல் முடித்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள்.

நேற்று பொறுக்க முடியாமல் டீச்சரிடம் கேட்டேன்.

“யார் யாரோ மாத்துறது எல்லாம் தானா வந்து உக்காருது. நான் சொன்ன வார்த்தைகூட ஒண்ணும் தகராறு பண்ணலை. இந்த ஒரு வரி மட்டும் ஏன் டீச்சர் வாரா வாரம் மல்லுக்கு நிக்குது?”

டீச்சர் குனிந்து என் திரையைப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் நீங்க அனுப்பினது அண்ணாச்சி. இது நீங்க வச்சிருக்கிறது.”

வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா என்று மெஷின் கேட்டுக்கொண்டு நின்றது. பாக்கியம் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

வைத்துக்கொண்டேன். தில்லைநாயகம் எனக்கு இன்னும் ஒரு வார்த்தை பாக்கி.